நிலவேம்புக் குடிநீரும் டெங்குக் காய்ச்சலும்: மரக்காணம் உப்பளப் பகுதி மக்களுக்கான விளக்கம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மரக்காணம் கடற்கரையில் உப்பளங்களின் வேலை நின்றுவிடுகிறது. அதே வாரங்களில் காய்ச்சல் பரவத் தொடங்குகிறது. வீட்டில் ஒருவருக்கு உடல் சுட்டவுடன் பல குடும்பங்கள் முதலில் தேடுவது நிலவேம்புக் குடிநீரைத்தான். அதை அருந்துவது தவறன்று. அதை மட்டும் அருந்திவிட்டு, காய்ச்சல் இறங்கியதும் நோய் தீர்ந்தது என்று நம்புவதே ஆபத்து. அந்த ஆபத்து எந்த நாளில் வருகிறது, அதை எவ்வாறு அறிவது, குடிநீரை எவ்வாறு பாதுகாப்பாகப் பயன்படுத்துவது ஆகியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

சுருக்கமாக

• நிலவேம்புக் குடிநீர் காய்ச்சலின்போது துணையாக அருந்தத்தக்க ஒரு சித்த மருந்து. அது இரத்தப் பரிசோதனைக்கோ மருத்துவமனைச் சிகிச்சைக்கோ மாற்றாகாது.
• டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளும் அதற்கடுத்த இரண்டு நாள்களுமே மிகுந்த கவனம் தேவைப்படும் நாள்கள்.
• காய்ச்சல் இரண்டு நாள்களுக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அபாய அறிகுறி ஒன்று தோன்றினாலும் உடனே செல்ல வேண்டும்.

நிலவேம்புக் குடிநீர் என்பது என்ன?

நிலவேம்பு ஒரு சிறு செடி. வேப்பமரத்துக்கும் அதற்கும் உறவில்லை; கசப்பினால் மட்டுமே அப்பெயர் பெற்றது. நிலவேம்பை மட்டும் கொதிக்கவைத்து வடித்தால் அது நிலவேம்புக் கசாயம். சித்த மருத்துவத்தில் ‘நிலவேம்புக் குடிநீர்’ என்று சொல்லப்படுவது ஒன்பது சரக்குகள் சேர்ந்த கூட்டு மருந்து. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகியவை அவை. இவற்றைச் சம அளவில் சேர்த்து ஒன்றிரண்டாக இடித்த சூரணமே அரசு சித்த மருத்துவப் பிரிவுகளில் கிடைக்கிறது.

2020ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது வழங்கப்பட்ட கபசுரக் குடிநீர் வேறு; அதில் சேரும் சரக்குகள் பதினைந்து. கடைகளில் ‘மூலிகைத் தேநீர்’ என்ற பெயரில் விற்கப்படும் பைகளும் இக்குடிநீர் அல்ல. பெயரில் நிலவேம்பு இருப்பதால் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடா.

தமிழ்நாட்டில் இக்குடிநீர் வீடுதோறும் அறிமுகமானது அண்மைக் காலத்தில்தான். 2006இல் சிக்குன்குனியா பரவியபோது இது பெருமளவில் பேசப்பட்டது. 2012இல் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு உறுதிசெய்யப்பட்டு 66 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டில் மாநில அரசு நிலவேம்புக் குடிநீரையும், அதனுடன் பப்பாளி இலைச் சாறு, மலைவேம்புச் சாறு ஆகியவற்றையும் துணை மருந்துகளாக அறிவித்தது. 2017இல் 23,294 பேர் பாதிக்கப்பட்டு 65 பேர் உயிரிழந்தனர். அந்த ஆண்டில் மருத்துவமனைகள், பள்ளிகள், பேருந்து நிலையங்கள் எங்கும் குடிநீர் வழங்கப்பட்டது. அதன் பயனைப் பற்றிய பொது விவாதமும் எழுந்தது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான முதன்மை வேதிப்பொருள் ஆண்ட்ரோகிராஃபோலைடு. அது அழற்சியைக் குறைக்கும் தன்மை உடையது. சாதாரணச் சளி, தொண்டைவலி போன்றவற்றில் நிலவேம்பு ஓரளவு ஆறுதல் தருவதாகச் சில மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. நிலவேம்புக் குடிநீரின் சாரம் டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களின் பெருக்கத்தைக் குறைப்பதாக ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்களில் நடந்த சோதனைகளிலும் கண்டறியப்பட்டுள்ளது.

ஆயினும் கண்ணாடிக் குடுவையில் கிடைத்த முடிவு நோயாளியின் உடலிலும் அப்படியே கிடைக்கும் என்று கொள்ள இயலாது. இக்குடிநீர் அருந்தினால் டெங்கு வராது என்றோ, வந்த டெங்கு கடுமையாகாது என்றோ, உயிரிழப்பு தடுக்கப்படும் என்றோ உறுதியாகச் சொல்லத்தக்க பெரிய மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை. டெங்கு வைரஸை நேரடியாக அழிக்கும் மாத்திரை அலோபதியிலும் பயன்பாட்டில் இல்லை. டெங்குவில் உயிரைக் காப்பது சரியான நேரத்தில், சரியான அளவில் நீர்மம் கொடுப்பதும், நோயாளியைத் தொடர்ந்து கண்காணிப்பதுமே.

காய்ச்சல் இறங்கும் நாள்: ஏன் கவனம் தேவை?

டெங்குக் காய்ச்சல் மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதற்கட்டம் காய்ச்சல் கட்டம். கடும் சூடு, தலைவலி, கண்களுக்குப் பின்னால் வலி, உடல்வலி, மூட்டுவலி ஆகியவை இருக்கும். இது 2 முதல் 7 நாள்கள் வரை நீடிக்கலாம். இரண்டாவது, நெருக்கடிக் கட்டம். பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் வேளையில் அது தொடங்குகிறது. 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கிறது. மூன்றாவது, மீளும் கட்டம்.

நெருக்கடிக் கட்டத்தில் நிகழ்வது இது: சிறு இரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, இரத்தத்திலுள்ள நீர்மம் வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் கசிகிறது. குழாய்களுக்குள் எஞ்சும் இரத்தம் கெட்டியாகிறது, அழுத்தம் குறைகிறது, கை கால்கள் சில்லிடுகின்றன. இதே வேளையில் தட்டணுக்களும் குறைவதால் இரத்தக்கசிவு நேரலாம். எல்லா நோயாளிகளுக்கும் இவ்வாறு நடப்பதில்லை. பெரும்பாலானோர் சிக்கலின்றிக் குணமடைகின்றனர். யாருக்கு நடக்கும் என்பதை முதல் நாளில் எவராலும் சொல்ல இயலாது என்பதால்தான் கண்காணிப்பு தேவைப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுங்கள். திங்கட்கிழமை ஒருவருக்குக் காய்ச்சல் தொடங்குகிறது. செவ்வாய் முதல் இரு வேளையும் நிலவேம்புக் குடிநீர் அருந்துகிறார். வியாழன் மாலை உடல் குளிர்கிறது. குடும்பத்தார் குடிநீர் பலித்ததாக எண்ணி நிம்மதி அடைகின்றனர். வெள்ளிக்கிழமை அவர் சோர்ந்து படுத்திருப்பதைக் காய்ச்சலுக்குப் பின்வரும் அசதி என்று கருதுகின்றனர். உண்மையில் டெங்குவில் காய்ச்சல் எந்த மருந்தும் இல்லாமலே பெரும்பாலும் அந்த நாள்களில்தான் இறங்கும். குடிநீர் அருந்தியவருக்கும் இறங்கும், அருந்தாதவருக்கும் இறங்கும். அந்த வெள்ளிக்கிழமையின் சோர்வு அசதியாகவும் இருக்கலாம். இரத்த அழுத்தம் குறைவதன் தொடக்கமாகவும் இருக்கலாம். இரண்டையும் வீட்டில் பிரித்தறிவது கடினம். மருத்துவமனையில் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்த அடர்த்தி ஆகியவற்றைப் பார்த்து அறிந்துவிடலாம்.

ஆகவே காய்ச்சல் தொடங்கிய தேதியைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் குறித்துவையுங்கள். காய்ச்சல் இறங்கிய நேரத்தையும் குறியுங்கள். மருத்துவர் உங்களிடம் முதலில் கேட்கும் கேள்வி ‘இன்று எத்தனையாவது நாள்?’ என்பதாகவே இருக்கும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

பின்வருவனவற்றுள் ஒன்று இருந்தாலும், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரவானாலும் காத்திருக்க வேண்டாம்:

• கடுமையான அல்லது விடாத வயிற்றுவலி
• தொடர்ந்த வாந்தி. நீர்கூட வயிற்றில் தங்காமை
• ஈறு அல்லது மூக்கிலிருந்து இரத்தம் வடிதல், கறுப்பு நிற மலம், இரத்த வாந்தி, வழக்கத்துக்கு மீறிய மாதவிடாய்ப் போக்கு
• மிகுந்த சோர்வு, அமைதியின்மை, பிதற்றல்; குழந்தை விளையாடாமல் துவண்டு கிடத்தல்
• கை கால்கள் சில்லிட்டு வியர்த்தல், எழுந்து நின்றால் மயக்கம்
• ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை
• மூச்சுத் திணறல், வயிறு உப்புதல்

அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம்.

உப்பளக் கரையில் கூடுதல் கவனம் ஏன்?

முதற்காரணம் தண்ணீர். கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால் குடிநீரைக் குடங்களிலும் தொட்டிகளிலும் சேமித்தே பயன்படுத்த வேண்டியுள்ளது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இவ்வாறு தேங்கிய தெளிந்த நீரில்தான். உப்பு விளையும் பாத்திகளின் கடும் உவர்நீரில் அது வளராது. ஆனால் ‘உப்புக் காற்றடிக்கும் ஊரில் டெங்குக் கொசு இருக்காது’ என்ற எண்ணம் சரியன்று. இலங்கையில் யாழ்ப்பாணம், மட்டக்களப்புக் கரையோரங்களில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், பயன்படுத்தாத கிணறுகளிலும் வீசியெறிந்த பாத்திரங்களிலும் இருந்த இலேசான உவர்நீரிலும் ஏடிஸ் புழுக்கள் வளர்வது கண்டறியப்பட்டது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதில் பாதிக்கும் குறைவான உப்புள்ள நீரில் இக்கொசு வளரக்கூடும் என்பது அதன் பொருள்.

இரண்டாவது காரணம் வேலை. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை, கூலியும் இல்லை. மருத்துவமனைக்குச் சென்றுவரும் செலவை எண்ணி ‘இன்னும் ஒரு நாள் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுவது இயல்பு. அந்த ஒரு நாள் 4ஆம் நாளாகவோ 5ஆம் நாளாகவோ அமைந்தால் விலை பெரிது. அரசு மருத்துவமனைகளில் டெங்குப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை.

மூன்றாவது காரணம், எல்லாக் காய்ச்சலும் டெங்கு அல்ல. விழுப்புரம், புதுச்சேரிப் பகுதிகளில் மழையையும் பனியையும் ஒட்டிய மாதங்களில் ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக்காய்ச்சலும் காணப்படுகிறது. புதரிலும் புல்லிலும் வாழும் நுண்ணிய பூச்சி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோன்ற கறுப்புப் பொருக்கு இருக்கலாம். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்பின் அடி ஆகிய மறைவிடங்களில் பார்க்க வேண்டும். இந்நோய்க்கு டாக்ஸிசைக்ளின் என்னும் விலை குறைந்த மருந்து நன்கு வேலை செய்கிறது. தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். தேங்கிய மழைநீரில் வெறுங்காலுடன் நடப்பவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரக்கூடும். இவற்றுக்கு நிலவேம்புக் குடிநீர் சிகிச்சை ஆகாது. எனவே காரணம் இன்னதென்று பரிசோதனையில் தெரிய வேண்டியது இன்றியமையாதது.

வெயில்காலத்தில் மற்றொரு வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை பாத்தியில் உப்பு வாரும்போது ஒருவர் உடல் கொதித்து, உளறி அல்லது மயங்கி விழுந்தால் அது காய்ச்சல் அன்று, வெப்பவாதமாக இருக்கலாம். அவருக்குக் குடிநீரோ காய்ச்சல் மாத்திரையோ கொடுக்கக் கூடாது. நிழலுக்குக் கொண்டுவந்து, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

குடிநீரைத் தயாரிக்கும் முறை

சூரணத்தை அரசு சித்த மருத்துவப் பிரிவில் பெறுவது நல்லது. கடையில் வாங்கினால் உரிம எண்ணும் காலாவதி நாளும் உள்ள பொட்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். பூஞ்சணம் பிடித்த, ஈரம் கோத்த சூரணத்தைப் பயன்படுத்த வேண்டாம். கடற்காற்றில் சூரணம் விரைவில் ஈரமாகும் என்பதால் காற்றுப் புகாத புட்டியில் வையுங்கள்.

1. ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 5 கிராம் சூரணத்தை 200 மி.லி. நல்ல தண்ணீரில் இடுங்கள். உவர்நீர் வேண்டாம்.
2. சிறு தீயில் கொதிக்கவைத்து 50 மி.லி. அளவுக்கு வற்றியதும் வடிகட்டுங்கள்.
3. வெதுவெதுப்பாக, உணவுக்கு முன் அருந்தலாம். பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு வேளைக்கு 30 முதல் 50 மி.லி.; காலை, மாலை இரு வேளை.
4. ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் காய்ச்சுங்கள். காலையில் காய்ச்சியதை இரவு வரை வைத்திருக்க வேண்டாம்.

பொட்டலத்திலோ சித்த மருத்துவர் சீட்டிலோ வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அளவைக் கூட்டினால் பயன் கூடாது. குமட்டலும் வாந்தியுமே கூடும். டெங்குவில் வாந்தி உடலின் நீரைக் குறைத்து நிலைமையை மோசமாக்கும். குடித்ததும் வாந்தி வந்தால் நிறுத்திவிடுங்கள். நோய் இல்லாத காலத்தில் மாதக்கணக்கில் தொடர்ந்து அருந்துவதும் தேவையற்றது.

யார் தவிர்க்க வேண்டும்?

• கருவுற்றவர்கள், கருத்தரிக்க முயல்பவர்கள். விலங்குகளில் நடந்த சோதனைகளில் நிலவேம்பு கருவைப் பாதிக்கும் அறிகுறிகள் காணப்பட்டுள்ளன. பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே அருந்த வேண்டும்.
• ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இக்குழந்தைகளுக்குக் கசப்பைக் குறைக்கத் தேன் கலந்து கொடுப்பதும் ஆபத்தானது. பெரிய குழந்தைகளுக்கான அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.
• இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள். தட்டணுக்கள் ஒன்றுசேர்வதை ஆண்ட்ரோகிராஃபோலைடு தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன.
• நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உட்கொள்பவர்கள். சர்க்கரையோ அழுத்தமோ மேலும் குறையக்கூடும். வழக்கமான மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிநீர் அருந்துவது அதனினும் தவறு.
• முன்பு நிலவேம்பினால் தடிப்பு, அரிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல் ஏற்பட்டவர்கள். கடும் ஒவ்வாமை அரிதாக நேர்வதுண்டு. ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இல் இதுபற்றி எச்சரித்தது.

நீங்கள் குடிநீர் அருந்துவதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். எப்போது, எவ்வளவு அருந்தினீர்கள் என்பது அவருக்குத் தேவையான தகவல்.

வீட்டில் கவனித்துக்கொள்ளும் முறை

குடிநீர் நாளுக்கு இருமுறை 50 மி.லி. மட்டுமே. உடலுக்குத் தேவையான நீர் அதனால் கிடைக்காது. நோயாளிக்கு நாள் முழுதும் சிறிது சிறிதாக நீர்மம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல், கஞ்சி, மோர், இளநீர், பழச்சாறு ஆகியவை ஏற்றவை. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறிப்பிட்ட அளவு, பெரும்பாலும் ஒரு லிட்டர், காய்ச்சி ஆறிய நீரில் கரைக்க வேண்டும். சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ளவர்கள் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 500 மி.கி.; ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு முறைக்கு மேற்படாமல். குழந்தைகளுக்கு எடையைக் கணக்கிட்டு மருத்துவர் அளவு சொல்வார். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் ஆகியவற்றைக் கொடுக்கக் கூடாது. அவை இரத்தக்கசிவைக் கூட்டலாம். உப்பள வேலையின் உடல்வலிக்காகக் கடையில் வாங்கிவைத்த மாத்திரைகள் வீட்டில் இருந்தால், அவை எவை என்று உறுதியாகத் தெரியாமல் காய்ச்சலில் பயன்படுத்த வேண்டாம். ‘உடனே எழுந்து வேலைக்குப் போக’ என்று போடப்படும் ஊசிகளையும் தவிர்க்க வேண்டும்.

பரிசோதனை

முதல் ஐந்து நாள்களில் என்.எஸ்.1 பரிசோதனையும், ஐந்து நாள்களுக்குப் பின் ஐ.ஜி.எம். பரிசோதனையும் டெங்குவை உறுதிசெய்ய உதவும். மூன்றாம் நாளிலிருந்து தட்டணுக்களின் எண்ணிக்கையையும் இரத்த அடர்த்தியையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்க்க வேண்டும். தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்து அஞ்சவும் வேண்டாம். ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். பப்பாளி இலைச் சாறு தட்டணுக்களைச் சற்று விரைவாக உயர்த்துவதாகச் சில ஆய்வுகள் கூறினாலும், நீர்மக் கசிவை அது நிறுத்துவதாகச் சான்று இல்லை. எண்ணிக்கை உயர்ந்துவிட்டது என்பதற்காக அபாய அறிகுறியைப் புறக்கணிக்கக் கூடாது.

கொசு வளராமல் தடுத்தல்

முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை எல்லாக் குடங்களையும் தொட்டிகளையும் காலிசெய்து, உட்புறத்தை நாரால் தேய்த்துக் கழுவி, காயவைத்து நிரப்புங்கள். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். சேமிக்கும் நீரைத் துணியால் இறுகக் கட்டி மூடுங்கள். மழைக்கு முன் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, உடைந்த பிளாஸ்டிக் வாளி, கவிழ்க்காமல் விட்ட படகு ஆகியவற்றை அகற்றுங்கள் அல்லது கவிழ்த்துவையுங்கள். ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. காய்ச்சல் உள்ளவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கவைத்தால் வீட்டிலுள்ள மற்றவர்களையும் காக்கலாம்.

நினைவில் கொள்க

நிலவேம்புக் குடிநீரை அருந்த விரும்பினால் அருந்துங்கள். தேதியைக் குறித்துவைத்து, நீர்மத்தைத் தொடர்ந்து கொடுத்து, பரிசோதனையும் செய்துகொண்டு அருந்துங்கள். காய்ச்சல் இறங்கிய பின் முழுமையாக 48 மணி நேரம் நோயாளியைத் தனியாக விடாதீர்கள். அந்த இரண்டு நாள்களில் அவர் நன்றாக உண்டு, வழக்கம்போல் சிறுநீர் கழித்து, தெளிவாகப் பேசி, எழுந்து நடந்தால் நெருக்கடி கடந்துவிட்டது எனக் கொள்ளலாம். அவற்றுள் எது குறைந்தாலும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ உடனே அழைத்துச் செல்லுங்கள்.